பச்சைக் கோடு

பட்டமளிப்பு அன்று தோளில் போட ஒரு சால்வை வாங்கத்தான் தவச்செல்வி அந்த ஸ்காட்லாந்துக் கடைக்குள் போனாள். கிளன்டோரன் பள்ளத்தாக்கின் டார்டன் என்று கட்டம்போட்ட கம்பளித் துணி ஒன்றைக் கடைக்காரி விரித்தாள். ஊதா, மலையில் பூக்கும் ஹெதர். சாம்பல், ஆடு மேய்ப்பதற்காகக் குடிகளை விரட்டியபோது இடிந்த வீடுகளின் கல். அதைச் சொல்லும்போது கடைக்காரிக்குக் கண் கலங்கியது.

"இந்தப் பச்சைக் கோடு?"

"அது தேயிலை. சிலோனுக்குப் போய்ச் சம்பாதித்த எங்கள் ஊர்த் துரை ஒருவரின் நினைவு. இங்கே பள்ளிக்கூடம் அவர் கட்டியதுதான்."

தவச்செல்வி பிறந்த அவர் தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். அவள் அம்மாவைப் போனில் கூப்பிட்டுத் துணியைக் காட்டினாள். முதுகில் கொழுந்துக் கூடையோடு அம்மா திரையில் தெரிந்தாள்.

"கிளன்டோரனா? நம்ம தோட்டத்துப் பேருல்ல புள்ள! அங்கயும் வரிசையா ஒட்டின லயம் இருக்கா?"

"இல்லம்மா. இங்க எல்லாம் தனித்தனி வீடு."

"இருந்தா என்னா? வாங்கிப் போடு. நாமளுந்தான் கிளன்டோரன்."

வாங்குகிறவர் அந்த ஊரோடு தனக்குள்ள உறவைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது கடை வழக்கம். "நீ விருந்தாளி என்று எழுதிக்கொள், கண்ணே," என்றாள் கடைக்காரி.

தவச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனாவை அழுத்தி, தான் பிறந்த ஒற்றையறைவரை எழுதினாள்: 'நான்கு தலைமுறை. கிளன்டோரன், மூன்றாம் நம்பர் லயம், ஆறாம் காம்பரா.'

கடைக்காரி கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். "இது எங்கே இருக்கிறது? ஆற்றுக்கு அந்தப் பக்கமா?"

தவச்செல்வி பச்சைக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.