சங்கு மாறும் வரிசை

காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளுக்கு ஒரு வழக்கம். பெரிய சங்கு கரை ஒதுங்கினால் வரிசையில் நிற்கும். முன்னது அதற்குள் மாறியதும், பின்னது அதன் பழைய சங்குக்குள் புகும்.

முன்னால் நின்ற பெரிய நண்டோ, காலையிலிருந்து புதுச் சங்கைத் தட்டித் தட்டிப் பார்த்ததே தவிர, நகர்ந்தபாடில்லை.

"உள்ளே இருட்டா இருக்கே!"

இரண்டாவது நண்டுக்குப் பொறுமை போய்விட்டது. "எந்தச் சங்குக்கு ஜன்னல் வச்சிருக்கான்? போய்த் தொலைங்கண்ணே! எனக்கு இங்க முதுகு நசுங்குது."

"வெளிய வர்ற நேரம் பார்த்து காக்கா வந்துட்டா?"

"ஒரு நிமிஷத்துக்கு இவ்வளவு கூத்தா?"

பெரியது ஒரே பாய்ச்சலில் உள்ளே போனது. பழைய சங்கு காலி.

இரண்டாவது நண்டு வானத்தைப் பார்த்தது. சங்கைத் தட்டிப் பார்த்தது.

"போங்கண்ணே!" என்று கத்தியது மூன்றாவது.

"தள்ளாதடா! உள்ளே இருட்டா இருக்கு."