மேல்மாடி வாடகைக்கு

“கொம்பியூட்டர் கொம்பனியோ? மருதனார்மடத்திலையோ?” நமசிவாயம் சிரித்தார். “பிள்ளை, என்ரை மகன் பிரணவன் கொழும்பிலை பதினெட்டாம் மாடியிலை இருந்து வேலை செய்யிறான். கொம்பனி எண்டால் அது.”

அந்தப் பதினெட்டாம் மாடியைப் பற்றிக் கேள்விப்படாதவர் அயலில் எவரும் இல்லை.

“எங்களுக்கு உங்கடை மேல்மாடி போதும் அங்கிள்,” என்றாள் பஸீனா. “நாங்கள் எட்டுப் பேர். மிச்ச இடத்திலை, புதுசாய்த் தொழில் தொடங்கிற பிள்ளையளும் வந்திருந்து வேலை செய்யட்டும். நாலு வீட்டிலை இல்லையெண்டிட்டினம். நீங்களும் தராட்டில் நாங்களும் கொழும்புக்குத்தான் போகோணும்.”

“ஆறு மாதத்திலை பூட்டிப்போட்டுப் போவியள். கெட்டிக்காரர் ஆரும் இஞ்சை நிப்பினமோ? நான் சொன்னால் நம்பமாட்டீர். மகனையே கேளும்.”

கைபேசியில் மகனை அழைத்துவிட்டு, தீர்ப்பு வாசிக்கப்போகும் நீதவானைப் போலச் சாய்ந்து உட்கார்ந்தார்.

கேற்றுக்கு வெளியே ஒரு கைபேசி மணியடித்தது.

பிரணவன் தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தான். “அப்பா, போன மாதமே அந்த வேலையை விட்டிட்டு இவையோடை சேர்ந்திட்டன். உங்களுக்குச் சொல்லப் பயமாயிருந்தது. அதுதான் மிஸ்ஸை முதல்லை உள்ளை அனுப்பினனான்.”

“மிஸ்ஸோ?”

“இவதான் எங்கடை முதலாளி.”

நமசிவாயம் மகனைப் பார்த்தார். பஸீனாவைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், முற்றத்தில் நின்று மேல்மாடியை அண்ணாந்து பார்த்தார்.

“பெயர்ப்பலகையைப் பெரிசாய்ப் போடும் பிள்ளை,” என்றார். “சந்தியிலை பஸ்ஸாலை இறங்கிற சனம் வாசிக்கோணும்.”