ரோமாபுரிக் காசில் இருவர்

நகைப் பட்டறையில் பழைய ரோமாபுரி வெள்ளிக் காசு ஒன்று நூலில் தொங்கியது. வளையம் பொருத்தியாயிற்று, இனி அது பதக்கம். ஒரு பக்கம் இலைக் கிரீடம் வைத்த ராஜாவின் தலை, மறுபக்கம் நாற்காலியில் ஒரு பெண். முதுகோடு முதுகு. ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

கழுத்தில் ஏறினால் எந்தப் பக்கம் வெளியே தெரியும்? ராஜாவுக்கு அதே கவலை. நூல் வழியே இறங்கிய எறும்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ எறும்பே, என்னைச் சுற்றி எழுதியிருப்பதைப் படி."

"படிக்கத் தெரியாது சாமி. மேடும் பள்ளமுமா இருக்கு, கால் தடுக்குது."

"அத்தனையும் என் பட்டங்கள். சரி, பின்னால் யார் என்று பார்த்து வா."

எறும்பு போய் வந்தது. "ஒரு அம்மா. கையில கிளை வெச்சிருக்காங்க. அவங்களும் பின்னால யாருன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னாய்?"

"மூக்கு தேஞ்ச ஆளுன்னு."

ராஜா எறும்பைப் போகச் சொல்லிவிட்டார்.

காசை வாங்கியவளுக்கு அந்தக் கிளை பிடித்துப்போயிற்று. பெண்ணை வெளியே வைத்து, ராஜா தன் நெஞ்சில் படும்படி கட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினாள்.

வெளியே வெயில், ஆடு, வாழைத்தார், கூச்சல். காசுப் பெண்ணுக்குக் கண் கொள்ளவில்லை.

"மூக்கு தேய்ந்தவரே, உங்கள் பக்கம் எப்படி?"

"இருட்டு. யாரோ லப்-டப் என்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்."

"யாராம்?"

"என்னைப் பார்க்க வந்தவர்கள்தான். காத்திருக்கட்டும்" என்றார் ராஜா.