வாங்க மறுத்தார்

கழுத்தில் தாலி இருந்தது. இருசப்பன் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

ரெக்கார்டு ரூம் ஜன்னலுக்கு வெளியே நின்ற அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கம்பி வழியாக ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். 'ராமதாஸ், ரேணுகாம்பாள், விவாகரத்து, 1980' என்று எழுதி, கீழே கேஸ் நம்பரும் போட்டிருந்தது.

"வூட்டுப் பொட்டியில கெடந்த காயிதத்துல பாத்து எழுதியாந்தேங்க. இந்தக் கேஸு கட்ட ஒரு தபா பாக்கணும்."

எந்தப் பேர் மட்டும் காதில் விழக் கூடாது என்று நாலு வருஷமாக அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டிருந்தாரோ, அதே பேர். தீர்ப்பாகி இத்தனை காலம் ஆகியும் தாலியைக் கழற்றவில்லையே இந்த மகராசி! அதுவும் மஞ்சள் மங்காத கயிறு.

"அந்த வருசத்துக் கட்டெல்லாம் கரையான் அரிச்சிப் போச்சும்மா," என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷரா அவர்? முப்பது வருஷம் கோர்ட்டு உத்தியோகம், சாமி! அமீனாவாக சம்மனைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்தவர். முட்டி தேய்ந்ததும் இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த மாசம் ரிடையர்மெண்ட். கரையானாவது ஒன்றாவது, கட்டு மூன்றாவது அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தது.

அவள் போகவில்லை. எதிரே புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் டீ குடிக்கப் போனபோதும் இருந்தாள், திரும்பி வந்தபோதும் இருந்தாள். தாலிக் கயிற்றை விரலால் திருகித் திருகி விட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மூன்று மணிக்கு மேல் மனசு கேட்கவில்லை. எழுந்து போய்த் தூசி தட்டிக் கட்டை எடுத்து வந்து, அவளை உள்ளே கூப்பிட்டார்.

"பொம்பள தரப்புல இன்னா சொன்னதா எழுதியிருக்குது? அதக் காட்டுங்கய்யா."

சம்மனின் பின்பக்கம். அவருடைய கோழிக் கிறுக்கல்தான், அழியாமல் அப்படியே இருந்தது. 'எதிர்மனுதாரர் ரேணுகாம்பாள், "அந்த ஆளோடு வாழ எனக்கு இஷ்டமில்லை, சம்மனும் வேண்டாம்" என்று சொல்லி வாங்க மறுத்தார். கதவில் ஒட்டினேன்.'

அவள் விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள்.

"கீழ இருசப்பன்னு கையெழுத்து இருக்குதே, அவரு இப்ப இருக்காருங்களா? இது மெய்யா பொய்யான்னு அவரு வாயால ஒரு வார்த்த கேட்டுட்டாப் போதும். ஒரு வாரமா சோறு எறங்கலைங்க."

செத்துட்டாரும்மா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரே ஒரு மாசம் ஓட்டிவிட்டால் பென்ஷன். ஆனால் அந்த மஞ்சள் கயிறு கண்ணை உறுத்தியது.

"நான்தாம்மா இருசப்பன்," என்றார். அப்புறம் எதுவும் நிற்கவில்லை. "அத்தினியும் பொய்யிம்மா. நான் அடி அண்ணாமலைக்கு, உன் வூட்டாண்ட வரவேயில்ல. அன்னிக்குத் தீபத்துக்கு மொத நாளு. செங்கம் ரோடு பூரா ஜனம், சைக்கிளத் தள்ள எடமில்ல. ஆசிரமத்தாண்ட ஒரு டீக்கடையில குந்திக்கினே எழுதிட்டேன். சாட்சிக் கையெழுத்தும் அங்க டீ குடிச்சவங்க போட்டதுதான். வாங்க மறுத்தார்னு மட்டும் எழுதியிருக்கலாம். கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்னு, வாழ இஷ்டமில்லன்னு வேற சேத்துட்டேன். பாவி!"

அவள் முகம் வெளுத்துப்போனது.

"அப்போ... கதவுல ஒட்டல?"

"இல்லம்மா."

"வேணாம்னு யாரும் சொல்லல?"

"கேட்டாத்தானம்மா சொல்றதுக்கு? உன் மொகத்தையே நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை போலிருக்கிறது. இருசப்பன் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். பெற்ற மகள் வயசுப் பெண் முன்னால் இப்படி நிற்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

"அழாதம்மா. ஒரு வக்கீலப் புடிச்சி மனு போடு. நான் எழுதினது பொய்யின்னு நானே கூண்டுல ஏறிச் சொல்றேன். பென்ஷன் போனாப் போவட்டும், உன் வயித்தெரிச்சலக் கொட்டிக்கினு அந்தச் சோறு எனக்கு வேணாம். தீர்ப்பு ரத்தாயிடும். நீ ராமதாஸ் பொண்டாட்டியாத் தலை நிமுந்து அந்த வூட்டுக்கே போலாம். நடுவுல அவன் இன்னொருத்தியக் கட்டியிருந்தாலும் அது செல்லாதும்மா, செல்லவே செல்லாது!"

சொல்லி முடித்ததும் அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. நாலு வருஷத்துப் பாவத்தை ஒரே மூச்சில் இறக்கி வைத்தாயிற்று.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த இன்னொருத்தி நான்தாங்கய்யா."