கடைசி வாளி

ராயக்கோட்டைப் பக்கம் புதிதாக வந்த சோலார் பிளாண்டில் நான் சூப்பர்வைசர். மேல்வரிசை பேனல்களில் தூசி இருக்கிறதா என்று பார்க்க, தினமும் ஓரத்தில் கிடந்த ஒரு கல்லின் மேல் ஏறி நிற்பேன்.

பேனல் கழுவும் மாதம்மா, வேலை முடிந்ததும் கடைசி வாளித் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுவதை மூன்று நாளாகக் கவனித்தேன். அன்று கல்லின் மேல் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவளை அதட்டினேன்.

"தண்ணி லாரியில வருது, தெரியுமில்ல? ஏம்மா வீணாக்குற?"

"வீணாக்கலைங்க சார். கல்லைக் கழுவுறேனுங்க."

"உன்னைப் பேனல் கழுவத்தானே வேலைக்கு வச்சிருக்கு?"

"உங்க பூட்ஸு மண்ணு ஒட்டிக்குதுங்க சார்."

"ஒட்டினா என்ன? நாளைக்கும் ஏறத்தான் செய்வேன்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு மட்டும் ஏறாதீங்க சார். அமாவாசை. பசங்க படையல் போட வர்றாங்க."

"படையலா? யாருக்கு?"

"எங்கூட்டுக்காரருக்குங்க. இந்த நெலத்தைக் கம்பெனிக்கு வுட்டப்ப, அவரைப் பொதைச்ச எடத்தை மட்டும் தொடாதீங்கன்னு கேட்டுக்கிட்டோம். அவரு தலைமாட்டுல வெச்ச கல்லுங்க அது."

இவ்வளவு நேரமும் அதன் மேல் நின்றுகொண்டுதான் நான் அவளை அதட்டியிருக்கிறேன்.