இரண்டு கை தவிடு

"கூட வர்றது யாருய்யா? கெழவிக்கு நீ மவனா?" என்று கேட்டான் கண்டக்டர்.

"இல்லீங்க. யாரோ கெழவி" என்றான் பிச்சைமுத்து.

பாடாலூர் போகப் பெரம்பலூரில் பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடிய பஸ்ஸுக்கு நின்றிருந்த கிருஷ்ணம்மாளுக்குச் சுருக்கென்றது. காய்ச்சலில் துவண்ட கிழவியை மாட்டுவண்டியிலிருந்து தூக்கி வந்தவனே அவன்தான். அதே அகன்ற நெற்றி, அதே தெத்துப்பல். தாயும் பிள்ளையும் என்று சொல்ல ஜோசியனா வர வேண்டும்?

கண்டக்டர் கையை விரித்தான்.

"பொறுப்பான ஆள் இல்லாம நோயாளிய ஏத்த மாட்டேன். வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, மொதலாளிக்கு நான்ல பதில் சொல்லணும்? சொந்தமுன்னு சொல்லு, திருச்சி ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கி வுடுறேன்."

பிச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார்கள். அது பிடித்துக்கொண்டால் வண்டி கிளம்பிவிடும். அடுத்த பஸ் நாளைக்குத்தான்.

கிருஷ்ணம்மாளுக்குச் சும்மா இருக்கிற வாய் இல்லை. கண்டக்டர் கரி அடுப்புப் பக்கம் போனதும், எருமைக்கு வாங்கிய தவிட்டு மூட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"அடப் பாவி! பெத்தவளைப் போயி யாரோங்குறியே, நாக்கு அழுவிடாது? ஆஸ்பத்திரியில எவன் கூட இருக்குறதுன்னு கழட்டி வுடப் பாக்குறியா?"

கிழவி கண்ணைத் திறந்தாள்.

"அவனைத் திட்டாத தாயி. அவன் யாரு பெத்த புள்ளையோ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள் வேறு. கிருஷ்ணம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிச்சைமுத்து அவளை ஓரமாகக் கூட்டிப்போனான்.

"மெல்லப் பேசுங்கக்கா, எமன் காதுல வுழுந்துடும். எனக்கு மேல அஞ்சு பொறந்துச்சு, ஒண்ணும் தங்கல. ஆசை வச்சாப் பறிச்சுக்குறான்னு, என்னைக் குப்பையில பொரட்டி, மூக்குக் குத்தி, ஒரு மொறம் தவிட்டுக்குப் பக்கத்து வூட்டுக்கு வித்துட்டா. நாலு பேர் முன்னால என்னை மவனேன்னு கூப்பிட்டதே கெடையாது. யாரு கேட்டாலும், 'யாரு பெத்த புள்ளையோ'தான். அந்தப் பொய்யிலதான் நான் இன்னிக்கு உசுரோட நிக்கிறேன். உழுவுறேன், நல்லா சாப்பிடுறேன், பொண்டாட்டி புள்ளைங்கன்னு ஒரு கொறையும் இல்ல. இப்ப அவன் அவளைத் தேடி வந்திருக்கான். எந்த வாயால 'என் அம்மா'ன்னு சொல்லுவேன்?"

அவன் மூக்கில் தூர்ந்துபோன துளையை அப்போதுதான் பார்த்தாள் கிருஷ்ணம்மாள். திட்டிய வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மூட்டையை அவிழ்த்து, இரண்டு கை தவிட்டை அள்ளி அவன் துண்டில் போட்டாள்.

பஸ் உறுமியது.

"யோவ் கண்டக்டரு! அது எங்கம்மாய்யா, நான் பொறுப்பு. பாடாலூர் வேணாம், எனக்கும் திருச்சிக்கே டிக்கெட்டு போடு. எருமை ஒரு நாளு பொறுத்துக்கும்."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சலித்துக்கொண்ட கண்டக்டர், கிழவியை நெஞ்சோடு அணைத்துப் படியேறியவனைக் காட்டிக் கேட்டான்.

"அப்ப இந்த ஆளு யாரு?"

கிருஷ்ணம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கென்ன தெரியும்? யாரு பெத்த புள்ளையோ!"