குருவிக்கு விதித்த உயரம்

கொண்டைக்குருவிக்கு நடந்தது அநியாயம். மலைக்கு அந்தப் பக்கம் பசியோடு காத்திருந்த குஞ்சுகளிடம் அதைப் போகவிடாமல் செய்தார்கள், அதுவும் அதன் நன்மைக்காகவாம்!

மேகம் மூடினால் கண் உதவாது. அருவிச் சத்தத்தைக் கேட்டுத்தான் மலையைத் தாண்ட வேண்டும்.

"நாற்பது பனை உயரத்துக்குக் கீழே வராதே, பாறையில் மோதுவாய்" என்றது வரையாடு.

"ஐம்பதுக்கு மேலே போகாதே. பக்கத்து மலை அருவியும் சேர்ந்து கேட்கும், வழி தப்பிவிடும்" என்றது பருந்து.

இரண்டும் நியாயம்தான். குருவி ஒப்புக்கொண்டு சிறகை விரித்தது.

"கொஞ்சம் இரு" என்றது வரையாடு. "எதற்கும் இருக்கட்டும், நாற்பத்தாறு என்று வைத்துக்கொள்."

பருந்தும் யோசித்தது. "எதற்கும் இருக்கட்டும், நாற்பத்து நாலைத் தாண்டாதே."

"நாற்பத்தாறுக்குக் கீழே வரக் கூடாது, நாற்பத்து நாலுக்கு மேலே போகக் கூடாது. அப்படியென்றால் நான் எங்கேதான் பறப்பது? நீங்களே சொல்லுங்கள்!"

மேகம் விலகவில்லை. மூன்று நாள் குருவி இதையே கேட்டுக் கத்தியது. மூன்றாம் நாள் மாலை, அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த கீச்சுச் சத்தம் நின்றுபோனது.

அதற்குப் பிறகுதான் பதில் வந்தது.

"பறக்காதே என்று நாங்கள் எப்போதாவது சொன்னோமா, அம்மா?"